எல்லோரையும் பெருக்கி வைத்தவன்

அத்தியாயம் ஒன்பது

குப்பைக் குழிக்குள் இடுப்பளவு இறங்கி நின்றுகொண்டு, நான் பிறந்த நேரத்தை நொந்துகொண்டிருந்தேன். இலங்கை மலைநாட்டில், கொஸ்லந்தைக்கு மேலே, புதுக்காடு என்று எல்லோரும் சொல்லும் தோட்டம். பகல் பத்து மணி. மருந்துக் காம்பரா எனும் மருந்து கொடுக்கும் அறைக்குப் பின்னால் இருந்த அந்தக் குழியில் உடைந்த சீசாக்கள், கட்டுத்துணி, அழுகிய வாழைத்தார், பெயர் சொல்ல விருப்பமில்லாத இன்னும் சில சமாசாரங்கள். எங்கள் துப்பறியும் தொழிலில் மூளைக்கு வேலை ஜுனைதீன் நானாவுக்கு, மூக்குக்கு வேலை எனக்கு. இப்படிப் பங்கு பிரித்து ஆறு வருஷமாகிறது.

முந்தின அத்தியாயங்களைப் படிக்காமல் நேரே இந்தக் குழிக்குள் வந்து விழுந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜுனைதீன் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்) சர்வே கந்தோர் என்ற நில அளவை ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் கணக்குப் போட்டவர். மலையை அளந்து, பள்ளத்தை அளந்து, கடைசியில் மனிதர்களை அளக்கலாம் என்று பதுளை கடைவீதியில் ஒரு மாடியறை எடுத்து உட்கார்ந்தார். நான் வீரய்யா. கோர்ட்டில் பெயர் கூப்பிடும் சேவகனாக இருந்தேன். ஒருநாள் நீதவானுக்கு முன்னால் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது, வெளியே வந்துவிட்டேன். வயது நாற்பத்திரண்டு. வாய் இன்னும் சுருங்கவில்லை.

எங்களைத் தேடி வந்தவள் ரெங்கம்மா. எல்ல என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். போன வருஷம், 1910-இல், இருபத்துநாலு பேர் ஒரு கூட்டமாகத் திருச்சிப் பக்கமிருந்து கப்பலேறி வந்தார்கள். கப்பலேறும் இடத்தில் ஆளுக்கொரு தகர வில்லை கழுத்தில் மாட்டிவிட்டார்கள். 601-லிருந்து 624 வரை நம்பர். ரெங்கம்மா 614. அவளுடைய ஒரே மகள் லெட்சுமி 613. மருமகன் கணபதி 611. வயதானவள் என்று ரெங்கம்மாவை மட்டும் எல்லயில் நிறுத்திக்கொண்டு, மிச்சம் இருபத்துமூன்று பேரையும் காடு வெட்ட இந்தப் புதுக்காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

போய் மூன்று மாதமாகியும் அவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. தோட்டத்துக் கந்தோரில் கேட்டால், "கணபதி காய்ச்சலில் செத்தான். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். அவன் பெண்சாதி வேறொருத்தனோடு ஓடிவிட்டாள்" என்று ஒரே மூச்சில் சொன்னார்கள். எல்லயில் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பெண்களின் வாய்க்கு அது வெல்லமாகிவிட்டது. ரெங்கம்மா எங்கள் மாடியறையில் வந்து நின்றபோது சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஓடிப்போனவளாவே இருக்கட்டுங்கய்யா. எவனோட ஓடியிருந்தாலும் சரி. உசுரோட இருக்காளான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

பெற்ற மகள் மேல் விழுந்த பழி உண்மையாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்ட தாயை நான் அவளுக்கு முன்னால் கண்டதில்லை.

உண்மை என்னவென்று ஓரளவு தெரிந்துகொண்டோம். புதுக்காட்டில் வாந்திபேதி. வெளியே தெரிந்தால் தோட்டத்தைப் பூட்டிவிடுவார்கள் என்று, செத்தவர்கள் பெயரை எங்கேயும் எழுதக்கூடாதென்று துரையின் உத்தரவு. மருந்து கொடுக்கும் தம்பையாவின் புத்தகங்களை ஒன்றுவிடாமல் கிழித்துப் போட்டார்கள். தப்பியவர்களைக் கங்காணி எந்தத் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போனான் என்பது அவனுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். தம்பையாவுக்கும் நோய் பிடித்தது. நடந்தே பதுளைக்கு வந்து ஆஸ்பத்திரியில் விழுந்தார். சாவதற்குமுன் பக்கத்துக் கட்டில்காரனிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"செத்தவங்க எல்லாரையும் பெருக்கி வச்சிருக்கேன். மருந்துக் காம்பராவுல இருக்கு."

பெருக்கி வைத்திருந்தால் எங்கே வைத்திருப்பார்? குப்பைக் குழியில். இது என்னுடைய மகத்தான ஊகம். அதனால்தான் குழிக்குள் நான்.

"வீரய்யா!" காம்பராவுக்குள்ளிருந்து நானாவின் குரல். "தோண்டினது போதும். மேல வா."

"ஏதாச்சும் கெடைச்சுதுங்களா நானா? எனக்குக் கெடைச்சது ஒரு செருப்பு. அதுவும் எடது காலு."

"பெருக்குறது எண்டா உனக்கு விளக்குமாறு மட்டும்தானா ஞாபகம் வரும்?"

"வேற என்னங்க?"

"பள்ளிக்கூடத்தில உனக்கு வாய்பாடு சொல்லித் தரல்லியா?"

நான் குழி ஓரத்தில் ஏறியபடி ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். நாலும் அஞ்சும் பெருக்கினால் இருபது. அந்தப் பெருக்கல்!

காம்பராவுக்குள் நானா காலி மருந்துப் பெட்டியின் மூடியைக் கையில் வைத்திருந்தார். உட்பக்கம் ஏதோ மையில் எழுதியிருந்தது. பார்க்கலாமென்று கழுத்தை நீட்டினேன்.

"நில்லு! அந்தக் கையோட, அந்த நாத்தத்தோட கிட்ட வராதே. மை அழிஞ்சா நாம வந்ததே வீண்."

நான் வாசலிலேயே நின்றேன். அந்த நாற்றத்துக்கு நான் கொடுத்த விலை பிறகு தெரிந்தது.

"ஒரே ஒரு நம்பர். தமிழ் எண்ணில எழுதி ஈக்கி. நீளமான நம்பர்," என்றார் நானா. இருக்கு என்பது அவர் வாயில் ஈக்கி என்றுதான் வரும். "கடைசியில ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள்ள மேல சின்னதா ஒரு துளை. அது என்ன சொல்லு?"

"துளை போட்ட வட்டம்... வடையா?"

"கழுத்தில கயிறு கோத்துத் தொங்கவிடுறது."

"தகர வில்லை!"

"ஆமா. ஒவ்வொரு ஆளும் சாகச் சாக, அந்த ஆளோட வில்லை நம்பரால பெருக்கி, பழையதைச் சுரண்டிட்டுப் புதுசை எழுதி வச்சிருக்கான் தம்பையா. பேர் இல்ல, தேதி இல்ல. யாரும் வந்து பாத்தா மருந்துச் சரக்கு நம்பர் எண்டு நெனச்சிட்டுப் போவான். ஆனா செத்தவங்க அத்தனை பேரும் இதுக்குள்ள ஈக்கிறாங்க."

"உள்ள இருக்கறவங்களை வெளிய கூப்புடறது எப்படிங்க? கோர்ட்டுல மாதிரி மூணு தரம் பேர் சொல்லிக் கூப்புடவா?"

"வகுத்துப் பாக்கணும். மூணு, அஞ்சு, ஏழு. பெருக்கினா நூத்தஞ்சு. நூத்தஞ்சை ஏழால வகு. மீதி இல்ல. அப்ப ஏழு உள்ள ஈக்கி. பதினொண்ணால வகு. மீதி ஆறு வரும். அப்ப பதினொண்ணு உள்ள இல்ல, உயிரோட ஈக்கி."

பெயர் எழுத விடாதபோது ஒரு மனிதன் இப்படியொரு வழி கண்டுபிடித்திருக்கிறான். பெயரை அழிக்கலாம். பெருக்கின எண்ணிலிருந்து ஒருத்தரை மட்டும் யாராலும் சுரண்டி எடுக்க முடியாது. தம்பையாவை நான் உயிரோடு பார்த்ததில்லை. பார்த்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

நானா தன் சிறிய நோட்டுப் புத்தகத்தில் அந்த எண்ணை இங்கிலீஷ் இலக்கத்தில் பெயர்த்து எழுதிக்கொண்டார். சர்வே கந்தோர்க் கை, ஒவ்வொரு இலக்கமும் அச்சடித்தது போல இருந்தது. புத்தகத்தை மட்டும் தூரத்திலிருந்து எனக்குக் காட்டினார்.

219546151840543464855173

இருபத்துநாலு இலக்கம். மூடியைக் கைக்குட்டையில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நானா முன்னால் நடந்தார். காற்று வீசும் பக்கம் பார்த்து நான் பின்னால் நடந்தேன்.

கொஸ்லந்தைச் சந்தியில் எங்கள் மாட்டு வண்டி அவிழ்த்து விடப்பட்டிருந்தது. ரெங்கம்மா வண்டி நிழலில் குந்தியிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்தவளைப் போல நின்றாள்.

நானா வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து விஷயத்தை அவளுக்கு நிதானமாக எடுத்துச் சொன்னார். அவள் எழுத்து அறியாதவள். ஆனால் கூடைக்கு எத்தனை றாத்தல் எடை என்று கண்ணாலேயே சொல்லும் பெண், மீதி என்பதை உடனே பிடித்துக்கொண்டாள்.

"மீதி வந்தா எம்புள்ளை இருக்கா. மீதி வரலைன்னா இல்லை. அப்படித்தானுங்களே அய்யா?"

"அப்படித்தான்."

"அப்ப மீதி வரட்டும் ஆண்டவனே."

நானா எண்ணின் கடைசி இலக்கத்தில் பென்சிலை வைத்தார். "கடைசியில மூணு. ஒத்தை எண். இரட்டை நம்பர்காரன் ஒருத்தன் உள்ள வந்திருந்தாலும் மொத்தமும் இரட்டையாயிரும். அப்ப கூட்டத்தில பாதிப் பேர், இரட்டை நம்பர்காரங்க பன்னெண்டு பேரும், உயிரோட ஈக்கிறாங்க."

"614 உசுரோட இருக்குன்னு கணக்கே சொல்லிருச்சு ரெங்கம்மா," என்றேன். "இனிமே நீ செத்துப்போயிட்டேன்னு யாராச்சும் சொன்னா நம்பாத."

அவள் சிரித்தாள். மூன்று வாரத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று இல்லை.

"லெட்சுமி நம்பர் எனக்கு முந்தின நம்பருங்க. கப்பல்ல எனக்கு முன்னாலதான் நின்னா. 'தள்ளாத ஆத்தா'ன்னு திரும்பித் திரும்பிச் சொல்லிக்கிட்டே வந்தா."

நானா 613-ஐ எழுதி, கோடு போட்டு, வகுக்க ஆரம்பித்தார். இலக்கம் இலக்கமாக இறக்கினார். வண்டி மாடு அசைபோடும் சத்தம், பென்சில் சத்தம், வேறு சத்தமில்லை. ரெங்கம்மா பென்சிலின் நுனியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசி இலக்கமும் இறங்கியது. நானா ஒருமுறை கழித்தார். சரிபார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"மீதி நானூத்து எழுபத்தேழு."

"வந்துருச்சா?"

"வந்திச்சி. உங்க மகள் இதுக்குள்ள இல்ல ரெங்கம்மா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்திய கைக்குள்ளிருந்தே கத்தினாள்.

"ஓடிட்டாளா! நாசமாப் போறவ, ஓடிட்டாளா! எவனோடடி ஓடுன? எங்கிட்டச் சொல்லிட்டு ஓடக்கூடாதா, நானே மூட்டை கட்டிக் குடுத்திருப்பேனேடி!"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவளுக்கு. எழுந்தாள், முந்தானையை உதறிக்கொண்டாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி அழுதாள். எல்ல லயத்துப் பெண்களின் வாயை இனி எப்படி அடைப்பேன் பாருங்கள் என்றாள். ஓடிப்போனவளின் தாய் என்று யாராவது சொன்னால், "ஆமாடி, ஓடிப்போனவ ஆத்தாதான், ஒம்மகளுக்கு ஓடத் தெம்பிருக்கா?" என்று கேட்பாளாம். என் கண்ணிலும் நீர் வந்துவிட்டது. குப்பைக் குழி வாடை என்று சொல்லிச் சமாளித்தேன்.

"அய்யா, இருங்க. அந்த மரத்தடியில பிள்ளையார் இருக்காரு. ஒரு தேங்காய் உடைச்சிட்டு வந்துர்றேன்."

கடையில் தேங்காய் வாங்கிக்கொண்டு அவள் ஓடினாள். ஐம்பது வயதுக்காரி, மலையேறி மலையேறி முட்டி தேய்ந்தவள், சின்னப் பெண்போல ஓடினாள்.

நான் ஓடைக்குப் போய்ச் சவுக்காரம் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தேன். நானா இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். முகம் சரியில்லை.

"என்னங்க நானா, ஜெயிச்சாச்சு. இன்னும் என்ன வகுத்தல்?"

"கணபதி 611. அவன் செத்தது எல்லாருக்கும் தெரியும். தோட்டமே ஒத்துக்கொண்டிச்சி. அவன் உள்ள ஈக்கணும். சரிபாக்க வகுத்தேன்."

"சரியா வந்துச்சுங்களா?"

"மீதி ஐந்நூத்துப் பதினஞ்சு."

"அப்ப அவனும் ஓடிட்டான். செத்த பொறகு ஓடுன மொத ஆளு இவன்தான்."

நானா சிரிக்கவில்லை. "செத்தவனே வகுபடல்ல எண்டா இந்த நம்பர்ல ஏதோ பிழை ஈக்கி. நான் பாத்து எழுதினதில பிழையா, தம்பையா பெருக்கினதில பிழையா, தெரியல்ல. மூடியை எடு. உன் கண்ணாலயும் ஒருக்காப் பாரு."

கை சுத்தமாகிவிட்டதால் இப்போது எனக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. கைக்குட்டையைப் பிரித்தேன். அந்தப் பக்கம் மரத்தடியில் ரெங்கம்மா தேங்காயை ஓங்கிப் போட்ட சத்தம் கேட்டது. அதே நேரம் என் கண் மூடியின் இடது ஓரத்தில் விழுந்தது. வாய் என் பேச்சைக் கேட்டு எப்போது இருந்திருக்கிறது?

"நல்ல கூத்து நானா. அங்க இவ பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறா. இங்க தம்பையா மருந்துப் பொட்டிக்குள்ளயே பிள்ளையாரைக் கூட்டியாந்து உக்கார வச்சிருக்காரு. வாந்திபேதிக்கும் சுழி போட்டுத்தான் ஆரம்பிச்சிருக்காரு மனுசன்!"

"என்ன சுழி?"

"பிள்ளையார் சுழிங்க. எங்க ஆளுங்க கடுதாசி எழுதுனாலும் கணக்கு எழுதுனாலும் மொதல்ல ஒரு 'உ' போடுவோம்ல. நீங்க 786 போடுற மாதிரி. இந்தா, எண்ணுக்கு முன்னால..."

சொல்லி முடிக்குமுன் எனக்கே உறைத்துவிட்டது. தமிழில் இரண்டு என்ற எண்ணும் 'உ' என்ற எழுத்தும் ஒரே வடிவம். நானா அதை இரண்டு என்று படித்திருக்கிறார். 219546 என்று ஆரம்பித்த எண் உண்மையில் 19546 என்றுதான் ஆரம்பிக்கிறது.

நானா மூடியை என் கையிலிருந்து வாங்கினார். வெயிலுக்கு நேரே சரித்துப் பிடித்தார். எண் முழுவதும் கத்தியால் சுரண்டிச் சுரண்டி மரம் குழிந்திருந்தது. எத்தனை தடவை அழித்து எழுதினாரோ, அத்தனை ஆழம். அந்த முதல் எழுத்துக்குக் கீழே மட்டும் மரம் வழவழவென்று இருந்தது. ஒருதடவைகூடச் சுரண்டப்படவில்லை. பெருக்கப் பெருக்க எண்ணின் தலை மாறிக்கொண்டே போகும். சுழி மாறாது. சுழியை யார் அழிப்பார்கள்?

"என் கண்ணுக்கு இரண்டாத்தான் பட்டிச்சி," என்றார் நானா. "எங்க வீட்டில எவனாச்சும் 786 எழுதியிருந்தா நான் பிழைவிட்டிருக்க மாட்டேன்."

அவர் இரண்டை அடித்தார். இருபத்துமூன்று இலக்கம் மிஞ்சியது. முதலில் 611-ஆல் வகுத்தார். மீதியில்லை. கணபதி உள்ளே வந்துவிட்டான். கணக்கு சரியாகிவிட்டது. நான் அவர் பென்சிலைப் பிடித்துக்கொண்டேன்.

"613-ஐ வகுக்காதீங்க நானா."

"வகுக்காம?"

"மொதல்ல சொன்னதையே விட்டுருவோம். அவ தேங்காய் உடைச்சிட்டா."

நானா என்னைப் பார்த்தார். ஆறு வருஷத்தில் அவர் என்னைத் திட்டாமல் பார்த்தது அப்போதுதான். "நாளைக்கு அவ எல்ல ரோட்டில ஒவ்வொரு வண்டியையும் எட்டிப் பாப்பா வீரய்யா. சாகிற வரைக்கும் பாப்பா. அதை நாம குடுக்கலாமா?"

என் நாக்கை அறுத்துப் போட்டிருக்கலாம். அந்தச் சுழியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பெண் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பாள். இன்றைக்கும் எனக்கு அதுதான் தோன்றுகிறது, நானா சொன்னது நியாயம் என்று தெரிந்தும்.

அப்போது அவள் வந்துவிட்டாள். நெற்றியில் விபூதி. முந்தானையில் தேங்காய்ச் சில்லு.

"ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கங்க. சுவாமிக்கு உடைச்சது, நீங்க வேற சாமின்னாலும் தேங்காய்க்குத் தெரியாது அய்யா," என்று நானாவிடம் நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்கய்யா?"

நானா ஒளிக்கவில்லை. சுழியைக் காட்டிச் சொன்னார். அவள் தேங்காயைக் கீழே போடவில்லை, அழவில்லை. வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வகுங்க," என்றாள்.

நானா வகுக்குமுன் ஒரு காரியம் செய்தார். 613-ஐத் தனியாக எழுதி, அதை மூன்றால், ஏழால், பதினொன்றால், பதின்மூன்றால் என்று வகுத்துக்கொண்டே போனார். ஏனென்று எனக்குப் புரிந்தது. 609-ஐப்போல மூன்றாகவும் ஏழாகவும் உடைகிற எண்ணாக இருந்தால், வேறு வேறு ஆட்களின் எண்ணிலிருந்து துண்டு துணுக்குகள் சேர்ந்துகூட மீதியில்லாமல் போய்விடும். அவள் உள்ளே இல்லாமலேயே இருப்பதுபோலக் காட்டும். அந்த ஒரு நூல் இழையைப் பிடித்துப் பார்த்தார் மனிதர். பதினேழு, பத்தொன்பது, இருபத்துமூன்று. எதற்கும் உடையவில்லை.

"பகா எண்," என்றார் என்னிடம் மெதுவாக. "இதைத் துண்டாக்க ஏலாது. உள்ள ஈந்தா அவளேதான்."

பிறகு பெரிய எண்ணை வகுத்தார். முதல் தடவையைவிட மெதுவாக இறக்கினார். கடைசியாக மூன்று இறங்கியது. அறுநூற்றுப் பதின்மூன்றுக்குக் கீழே அறுநூற்றுப் பதின்மூன்று வந்து நின்றது. கழித்தார். பூச்சியம்.

எழுத்தறியாதவளுக்கும் பூச்சியம் தெரியும்.

"மீதி இல்லைங்களா?"

"இல்லம்மா."

சந்தியில் யாரோ யாரையோ வெற்றிலைக்குக் கூப்பிட்டார்கள். பிறகு, குழந்தை கேட்பதைப்போலக் கேட்டாள்.

"இன்னொருக்காப் போட்டுப் பாருங்கய்யா. மொதத் தடவை வேற மாதிரி வந்துச்சுல்ல."

முடியாது என்று எந்த வாயால் சொல்வது? நானா புதுப் பக்கம் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கண் அவள்மேல் இருந்ததில், மேலே இருந்த பெரிய எண்ணைப் பெயர்க்காமல், வகுத்து வந்த ஈவைப் பெயர்த்துவிட்டார். 31886055204801737121. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்லவில்லை. லெட்சுமியை ஒருமுறை வெளியே எடுத்தாகிவிட்டது, இனி அந்த எண்ணில் 613 இருக்காது. மீதி வரும். பிழையான மீதிதான். இருந்தாலும் ஒரு நிமிஷமாவது அவள் மூச்சு விடட்டும் என்று நினைத்தேன்.

நானா வகுத்துக்கொண்டே போனார். பாதியில் தன் பிழை அவருக்கே தெரிந்துவிட்டது. என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். ஆனாலும் நிறுத்தவில்லை. அவர் நினைத்ததும் நான் நினைத்ததும் ஒன்றுதான் என்று இப்போதும் நம்புகிறேன்.

கடைசி இலக்கம் இறங்கியது. கழித்தார்.

பூச்சியம்.

"இது எப்படி?" நானா பென்சிலால் அந்தப் பூச்சியத்தைத் தட்டினார். "ஒருதரம் எடுத்தாச்சி. திரும்பவும் 613 வருது. இரண்டு தரம் பெருக்கி ஈக்கான். ஒரு ஆள் இரண்டு தரம் சாக மாட்டாங்களே. தம்பையா இப்படிப் பிழைவிடுறவன் இல்ல..."

ரெங்கம்மா வண்டிச் சக்கரத்தை விட்டாள். தேங்காய்ச் சில்லுகள் முந்தானையிலிருந்து மண்ணில் விழுந்தன. அவள் கை தன் வயிற்றின்மேல் போனது.

"மருந்தய்யா பிழை விடல," என்றாள். "எல்லயில இருந்து போகையில அவளுக்கு அஞ்சு மாசம். வண்டியில ஏத்திவிட்டது நான்தான். அவங்க போயி மூணு மாசமாச்சு."

நானா விரல்களை மடக்கி மாதத்தை எண்ணினார்.

"குறைமாசத்துல பொறந்திருக்கும் அய்யா. பொறந்து மூச்சு விட்டிருக்கும். இல்லைன்னா கணக்குல ஏத்தியிருக்க மாட்டாரு. கைப்புள்ளைக்கு ஏது வில்லை? தாய் நம்பர்லதான போடுவாங்க."

நானா நோட்டுப் புத்தகத்தை மூடினார். மூடிய பிறகும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரெங்கம்மா மண்ணில் உட்கார்ந்தாள். தலைமுடியை அவிழ்த்தாள். மாரில் அடிக்கக் கை ஓங்கியது. ஓங்கிய கை பாதியில் நின்றுவிட்டது. நிமிர்ந்து நானாவைப் பார்த்தாள்.

"அய்யா, அது ஆணா பொண்ணான்னு அந்தக் கணக்குல இருக்குங்களா?"

"இல்லம்மா. கணக்கில அது தெரியாது."

"அப்ப நான் என்ன சொல்லி அழுவேன்? பேரான்னு அழுவுறதா, பேத்தின்னு அழுவுறதா?"